மாத்தி

விசில் ஊதியபோது பந்து கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கோல்கீப்பர் பாய்ந்து விழுந்தான். பந்து அவனைத் தாண்டி வலையில் போய்ச் சுருண்டது. கடலுக்கு எதிர்ப்பக்கம் நின்ற கூட்டம் எழும்பிக் குதித்தது. குதித்தபடியே அதன் சத்தம் பாதியில் அறுந்தது. விசில் முதலில், கோல் பிறகு. அது கூட்டத்துக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. உறைத்த பிறகு எழுந்தது வேறு சத்தம்.

ஷரீஃபுதீன் கடல் பக்கத்துக் கோட்டில் கொடியோடு நின்றான். கொடி அவன் தொடையோடு ஒட்டித் தொங்கியது. அதை அவன் தூக்கவே இல்லை. பந்து கோட்டைத் தாண்டவில்லை. ஒரு சாண் உள்ளேயே உருண்டது. அதை அவனுக்குச் சமமாகக் கிட்டத்தில் நின்று பார்த்தவன் வேலாயுதம் ஒருவன்தான். தமிழர் அணிக்காரன். வெளியே போன பந்தை இரு கையாலும் உள்ளே எறிந்துவிட்டு, கோட்டுக்கு வெளியே, ஷரீஃபுதீனின் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இப்போது அவன் கைகளை வீசிக்கொண்டு நடுத்திடலுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

நடுவிலிருந்து சங்கரன் வந்தார். கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, கழுத்துக் கயிற்றில் விசில். மேற்கே கடலுக்கு மேல் இறங்கிவிட்ட வெயில் நேராக முகத்தில் அடித்ததால் கண்களைச் சுருக்கியிருந்தார். ஆட்டக்காரர்கள் அவரை மொய்த்துக்கொண்டு வந்தார்கள். அவர் நேரே ஷரீஃபுதீனிடம் வந்து மலாயில் கேட்டார்:

"நானா, நீதானே மாத்தின்னு சொன்னே?"

ஷரீஃபுதீன் மூச்சை இழுத்துக்கொண்டான். பல வருஷத்து விஷயம் அந்த ஒரு மூச்சில் வந்து நின்றது.

சங்கரன் காஜா பேராங் ஆள். மலாக்காவில் செட்டிகள் என்று சொல்லப்படும் கூட்டம். அவர்களுக்குக் கோயில் உண்டு, விபூதி உண்டு, பெயரும் சங்கரன், காமாட்சி என்றுதான் இருக்கும். வாயைத் திறந்தால் மலாய். தமிழ் என்று அவர்களிடம் மிஞ்சியிருப்பது பூசைக்கும் உறவுமுறைக்கும் வேண்டிய சில சொற்கள். ஜாலான் துக்காங் எமாஸில் கைலிக்கடை வைத்திருக்கும் ஷரீஃபுதீன் போன்ற தமிழ் முஸ்லிம்களை அவர்கள் வயது பார்க்காமல் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். ஷரீஃபுதீன் அவரை பாங் என்பான், மலாயில் அண்ணன். சொல்லும்போது வாய் இனிக்க இனிக்கத்தான் சொல்வான்.

சங்கரன் முதன்முதலில் திடலுக்கு வந்தது சுண்ணாம்பு வாளியோடு. முனிசிபாலிட்டி ஆளாக அவருக்கு அங்கே கோடு போடுகிற வேலை. அந்தக் காலத்தில் விசில் வெள்ளைக்காரர்கள் கையில் இருந்தது. பெரும்பாலும் போலீஸ் இன்ஸ்பெக்டர், இல்லாவிட்டால் ரப்பர்த் தோட்டத்து மேனேஜர். ஒருநாள் இன்ஸ்பெக்டருக்கு மலேரியாக் காய்ச்சல். இரண்டு அணியும் பூட்ஸ் கட்டிக்கொண்டு நிற்கிறது, ஊத ஆள் இல்லை. கோடு போடத் தெரிந்தவனுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்றாவது தெரியும், அவனையே ஊதச் சொல்லுங்கள் என்று யாரோ கேலியாகச் சொன்னார்கள். சுண்ணாம்புக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சங்கரன் விசிலை வாங்கினார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் வந்து கை கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தபோது அவர் ஊதவேண்டிய ஆட்டம் ஒன்றும் பாக்கியில்லை.

பிறகு கால்பந்துச் சங்கம் அவருக்குச் சம்பளம் வைத்தது. மலாக்காவில் விசில் ஊதிச் சோறு தின்ற முதல் ஆள் சங்கரன்தான். மூவாரிலிருந்து அவரை அழைத்துப்போகக் கார் வந்தது. சிரம்பானுக்கு ரயிலில் போனார். செராணிகள், அதாவது பழைய போர்த்துகீசிய வம்சத்து மீன்பிடிகாரர்கள், தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். புங்கா ராயாவில் சீனன் கோப்பிக் கடையில் அவர் நுழைந்தால் முதலாளியே தோள் துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். ஷரீஃபுதீனும் அதே கடையில் அதே கோப்பியைப் பல வருஷமாகக் குடித்து வந்தான். அவனுக்கு நாற்காலியை அவனேதான் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அவன் மறந்தாலும் மனசு எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இளவயதில் அவன் நன்றாக ஆடினவன். முழங்கால் போனபிறகு கொடி பிடிக்க வந்தான். அப்போதும் ஓட்டத்தில் சங்கரனை முந்துவான். சட்டமும் அவருக்குத் தெரிந்த அளவு அவனுக்குத் தெரியும். அவரிடம் இருப்பது என்ன, தன்னிடம் இல்லாதது என்ன என்று யோசித்துப் பார்ப்பான். ஒன்றுதான் தட்டுப்படும். ஆட்டம் தொடங்குமுன் சங்கரன் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோவார். கச்சான் கடலை விற்கிறவன் உட்பட திடல் முழுவதும் வாய் மூடிக்கொள்ளும். அந்த அமைதி. கடல் அலை கரையில் தட்டுகிறது கூடக் கேட்கும். ஷரீஃபுதீன் கொடியை எவ்வளவு உயரத் தூக்கினாலும் யாரும் பேச்சை நிறுத்தியதில்லை.

ஒருமுறை சிங்கப்பூருக்குச் சரக்கு எடுக்கப் போனவன் அதே மாதிரி விசில் ஒன்றை வாங்கிவந்தான். கைலிக்கட்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தான். மனைவி ரஹீமா அடுப்படியில் இருந்த ஒரு மத்தியானம், கொல்லைக் கிணற்றடியில் நின்று அதை ஊதிப் பார்த்தான். பக்கத்து வீட்டில் தடதடவென்று நாற்காலிகள் விழுந்தன. சீனர்கள் சூதாட்டக் கட்டைகளை அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார்கள். போலீஸ் வந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்கள். ரஹீமா கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"அந்த மனுசன் ஊதுனா ஊரே நிக்கிது. நீங்க ஊதுனா ஊரே ஓடுது," என்றாள்.

அதற்குப் பிறகு அவன் அதை ஊதவில்லை. எறியவும் இல்லை.

ரஹீமாவுக்கு எல்லாம் தெரியும். சாப்பிடும்போது சங்கரன், படுக்கும்போது சங்கரன். அவர் இன்று கோட்டில் ஒரு பட்டன் போடாமல் வந்தார், அவருக்கு வயிறு போட்டுவிட்டது, செராணிகளுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார் பார், கொடுத்திருக்கவே கூடாது. அவரை நீங்களே கட்டியிருக்கலாம் என்று ஒருநாள் அவள் சொன்னாள். பொங்கலுக்குச் சங்கரனின் மனைவி காமாட்சி தன் கையால் கிண்டிய டோடோலை, தேங்காய்ப்பால் அல்வா மாதிரி ஒன்று, தட்டு நிறைய அனுப்புவாள். ஷரீஃபுதீன் தொடமாட்டான். ரஹீமா சாப்பிடுவாள். கோபம் மனுஷன் மேலேயா டோடோல் மேலேயா என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். அவன் எழுந்து போவான். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் சர்க்கரை வைத்து அனுப்பச் சொல்லவும் மறக்கமாட்டான். மரியாதையில் தான் ஒரு படி கீழே என்று அந்த வீட்டில் நினைத்துவிடக் கூடாது.

இதில் ஒரு விஷயம் மட்டும் அவனுக்கே சொந்தமாக இருந்தது. பண்டார் ஹிலிர் திடலின் ஒரு பக்கம் கடல். ஆட்டத்தின் பின்பாதியில் சூரியன் தண்ணீரைத் தொடுகிற உயரத்துக்கு இறங்கிவிடும். அந்தப் பக்கம் திரும்பினால் கண் கூசும். ஆள் நிற்பது கறுப்பாகத் தெரியும், கொடி தெரியாது. சங்கரன்தான் வழி சொன்னார். நானா, பின்பாதியில் நீ கடல் பக்கம் நில்லு, பந்து வெளியே போனால் கொடியை நம்பாதே, வாயால் சொல்லு என்றார். மலாயில் அதற்குச் சொல் மாத்தி. செத்தது என்று அர்த்தம். பந்து செத்தது, ஆட்டம் நிற்கட்டும். ஷரீஃபுதீன் மாத்தி என்று கத்துவான். மறுகணம் சங்கரன் ஊதுவார். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவ்வளவு நம்பிக்கை.

முதலில் அதில் அவனுக்குப் பெருமை இருந்தது. தன் குரலுக்கு இந்தத் திடலில் ஒரு ஆள் நிற்கிறார் என்று. போகப் போக அதுவும் கசந்தது. கண் அவனுடையது, குரல் அவனுடையது, பெயர் அவருடையது. எவ்வளவு சரியாக ஊதினார் பார் என்று கூட்டம் சொல்லும். அவன் காதில் விழும்படியே சொல்லும்.

இந்த வருஷம் சங்கத்துக் கமிட்டிக்காரர் ஒருவர் கைலி எடுக்கக் கடைக்கு வந்தார். சங்கரனுக்கு வயதாகிறது என்று பேச்சு இருப்பதாகச் சொன்னார். ஆனால் ஊர் அவர் பக்கம் இருக்கும்போது எப்படி மாற்றுவது. பளிச்சென்று ஒரு தப்பு நடந்தால் போதும், கோப்பை ஆட்டம் முடிந்ததும் விசில் உங்களுக்குத்தான் என்றார். ஷரீஃபுதீன் அவருக்கு இருப்பதில் நல்ல கைலியை எடுத்துக் கொடுத்தான். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் பந்தைப் பாதி பார்த்தான், சங்கரனைப் பாதி பார்த்தான். தப்பு நடக்கவில்லை. இங்கிலாந்து ராஜா பிறந்தநாள் விடுமுறையில் கோப்பை ஆட்டமும் வந்துவிட்டது. தமிழர் அணிக்கும் பிராயா லேன் செராணிகளுக்கும். செராணிகள் ஒரு கோல் முன்னே. ஆட்டம் முடியப்போகிற நேரம்.

வேலாயுதம் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிந்தான். அவன் கூட்டாளி ஒருவன் கோட்டை ஒட்டியே அதை வாங்கினான். இரண்டு செராணிகள் அவனை நெருக்கினார்கள். எதிர்ப்பக்கம் திடலே காலியாகக் கிடந்தது, அங்கே தமிழர் அணி ஆள் ஒருவன் தனியாக நின்றான். பந்தை அந்தப் பக்கம் அனுப்பச் சொல்லி வேலாயுதம் தொண்டை கிழியக் கத்தினான்.

"மாத்தி! மாத்தி!"

தமிழ் மாத்தி. மாற்றி அடி என்கிற மாத்தி. ஷரீஃபுதீனின் காதுக்குள்ளேயே கத்தினது போல இருந்தது. கூட்டாளி மாற்றி அடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து தானே கோலுக்கு அடித்தான். கூசுகிற வெயிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சங்கரன் கேட்டது ஷரீஃபுதீன் நின்ற இடத்திலிருந்து வந்த மாத்தி. ஊதிவிட்டார்.

நடந்தது என்ன என்று அந்தத் திடலில் ஷரீஃபுதீனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இரண்டு மொழியும் அவன் வாயில் இருந்தது. வேலாயுதத்தின் குரல் அவன் காதில் இன்னும் இருந்தது. சங்கரன் முகத்தைப் பார்த்தான். வேர்வை வழிய, கண் சுருங்கி, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றது அந்த முகம். அதில் பயம் இல்லை. நானா ஆமாம் என்று சொல்லப்போகிறான் என்கிற நிச்சயம்தான் இருந்தது. அந்த நிச்சயத்தைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலே, பாங்," என்றான் மலாயில்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சங்கரன் இன்னொரு தடவை கேட்டார், மெதுவாக. மாத்தி என்று ஒரு குரல் வந்ததே, இந்த இடத்திலிருந்துதானே வந்தது. ஷரீஃபுதீன் தலையை ஆட்டினான். தான் கொடியையும் தூக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை, பந்து உள்ளேதான் இருந்தது என்றான். கடைசியில் சொன்னதைச் சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். வேலாயுதத்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அவன் அதை விழுங்கினான்.

ஊதின விசிலைத் திரும்ப வாங்க முடியாது. கோல் இல்லை. சங்கரன் அந்தக் கோட்டோரத்தில் பந்தைக் கையிலிருந்து கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். மிச்சமிருந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. செராணிகள் கோப்பையைத் தூக்கினார்கள். தமிழர் பக்கத்திலிருந்து தேங்காய் மட்டைகள் பறந்து வந்தன. ஒன்று சங்கரனின் கோட்டில் பட்டு விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே போட்டார்.

திடலோரத்துச் சேனா மரத்தடியில் கமிட்டிக்காரர்கள் கூடினார்கள். யார் சொல்லி ஊதினீர்கள் என்று கேட்டார்கள். சங்கரன் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் கேட்டது, அது நானா குரல் என்று நினைத்தேன் என்றார். நானா சொல்லவில்லை என்கிறாரே என்றார்கள். சங்கரன் நிமிர்ந்து ஷரீஃபுதீனைப் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்:

"நானா பொய் சொல்றவரில்லே. அவர் சொல்லலேன்னா சொல்லலே. எனக்குத்தான் காது போச்சு. இல்லாத சத்தம் கேக்குதுன்னா இனி எனக்கு இங்கே வேலை இல்லே."

கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினார். விசிலைச் சட்டையில் துடைத்தார், எச்சில் போக. அதைக் கமிட்டிக்காரரிடம் கொடுக்கவில்லை. ஷரீஃபுதீனின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார். கயிறு வேர்வையில் நனைந்து சூடாக இருந்தது.

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்கு வந்த கமிட்டிக்காரர் ஷரீஃபுதீனின் முதுகில் தட்டினார்.

அவன் எதிர்பார்த்தது வேறு. விசில் கைக்கு வந்ததும் அந்த அமைதியும் கூடவே வரும் என்று நினைத்திருந்தான். கூட்டம் இப்போது மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தது, சங்கரனைப் பார்க்க. மட்டை எறிந்த தமிழர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். செராணி கேப்டன் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவருடைய பையைத் தூக்கிக்கொண்டான். கோப்பிக் கடைச் சீனர் எங்கிருந்தோ பால் டின்னில் ஊற்றிய கோப்பியோடு வந்து, தோள் துண்டால் பெஞ்சைத் துடைத்தார். யாரோ ரிக்‌ஷாவைத் திடலுக்குள்ளேயே கூப்பிட்டார்கள். வேலாயுதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சங்கரனின் தோளைத் தொட்டு, பரவாயில்லை என்று தன் உடைந்த மலாயில் சொன்னான். சங்கரன் அவன் கையைத் தட்டிக் கொடுத்தார். ரிக்‌ஷா காஜா பேராங் பக்கம் போனது. பின்னாலேயே ஊர்வலம் போகிற மாதிரி ஆட்கள் நடந்தார்கள்.

ஷரீஃபுதீன் விசிலோடு கோட்டுப் பக்கம் தனியாக நின்றான். தோற்று வீட்டுக்குப் போகிறவனுக்குக் கிடைக்கிற இது தனக்கு எந்தக் காலத்தில் கிடைக்கும் என்று யோசித்தான். அதையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று தோன்றியது. சைக்கிளை எடுத்தான்.

வீட்டில் ரஹீமா விசிலைப் பார்த்தாள். கிடைச்சிருச்சா என்றாள். கிடைச்சிருச்சு என்றான்.

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"டோடோல் வந்த அன்னிக்கு இருக்கிற மாதிரி இருக்கு," என்றாள் அவள். சோற்றைப் போட்டாள். அவன் சாப்பிட்டான்.

மறுநாள் வழக்கம்போலக் கடை திறந்தான். வாசலில் தண்ணீர் தெளித்து, கைலிக்கட்டுகளைத் தூசி தட்டி அடுக்கினான். சங்கரனின் விசிலை மேஜை இழுப்பறையில் வைத்தான். சிங்கப்பூர் விசில் அடியில் அப்படியே கிடந்தது. காலையில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், சங்கரன் பாவம் என்றார்கள். பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு வந்தான். மழை பிடித்துக்கொண்டது.

மழையோடு வேலாயுதம் வந்தான். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர் வேலை அவனுக்கு. வேலை முடிந்து வருகிற வழி. நீலக் கட்டம் போட்ட கைலி கேட்டான். ஷரீஃபுதீன் எடுத்து விரித்தான். வேலாயுதம் தன் கூட்டாளியைத் திட்டினான். நான் பக்கத்தில் நின்று மாத்தி மாத்தி என்று கத்துகிறேன், மடையன் கேட்கவே இல்லை, அந்தப் பக்கம் அடித்திருந்தால் வம்பே இல்லை என்றான். ஆமாம் என்றான் ஷரீஃபுதீன். வேலாயுதம் கைலியின் ஓரத்தை விரலால் தேய்த்துச் சாயம் போகுமா என்று கேட்டான். போகாது என்றான்.

காலையில் சங்கரன் மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார் என்று வேலாயுதம் சொன்னான். டாக்டர் விளக்கு வைத்து இரண்டு காதையும் பார்த்தாராம். கடிகாரத்தைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக் கேட்கிறதா என்று கேட்டாராம். காது சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

"ஆனா அவரு நம்பலே, நானா. டாக்டருக்குத் தெரியாதுங்கிறாரு."

ஷரீஃபுதீன் கைலியை மடித்துக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தான். வேலாயுதம் குடையை விரித்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வியாபாரம் இல்லை. மழை விட்டதும் சங்கத்து ஆள் வந்து, அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, நீங்கள்தான் ஊத வேண்டும் என்று சொன்னான். கொடிக்கு யார் என்று ஷரீஃபுதீன் கேட்டான். இன்னும் ஆள் பார்க்கவில்லை என்றான். மாலையில் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கடையைச் சாத்தினான்.